மகனின் இரத்தத்தில் ஒரு குறை: இயற்கை இதை ஏன் இத்தனை காலம் விட்டுவைத்தது?

முடோன் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மீனுக்குத் தெற்கே முடோன் பக்கத்தில் மூன்று தலைமுறையாக ரப்பர் பால்மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. மழைக்காலம் முடியும் வேளையில் என் பன்னிரண்டு வயது மகனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பர்மியர் 'ங்ஹெப்பியா' என்று சொல்லும் மலேரியாதான் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதிலும் வைவாக்ஸ் வகை என்றார்கள். பக்கத்து ஊர் மருந்தகம் ஒன்றில் காய்ச்சலுக்கான மாத்திரையோடு, ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியையும் கொன்றால்தான் காய்ச்சல் திரும்ப வராது என்று சொல்லிப் பதினான்கு நாளைக்குப் பிரைமாகுயின் மாத்திரையும் கொடுத்தார்கள். அதைக் கொடுப்பதற்கு முன் வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பையன் கொல்லைப்புறத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். சிமெண்டுத் தரையில் அவன் கழித்திருந்த சிறுநீர், பால் ஊற்றாத கடுந்தேயிலைச் சாயம்போலக் கறுத்துக் கிடந்தது. மறுநாள் கண் மஞ்சளித்தது, உதடு வெளுத்தது, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மோல்மீனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாத்திரையை நிறுத்தி, இரண்டு புட்டி இரத்தம் ஏற்றிய பிறகு பிழைத்தான். அவனுடைய சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவு என்றும், பிறவியிலேயே வந்தது என்றும், தாய்வழியில் வருவது என்றும் அங்கே சொன்னார்கள்.

அந்தக் கடைசிச் சொல்தான் இப்போது என் வீட்டில் நெருப்பாக எரிகிறது. என் மாமனார் தமிழர், மாமியார் மோன் இனத்தவர். "வேற்று இரத்தம் கலந்ததால் வந்த வினை" என்று என் அத்தை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். என் மனைவி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

என் கேள்வி இரண்டு. இந்தக் குறை உண்மையில் எங்கிருந்து வந்தது? அடுத்தது, பள்ளியில் பரிணாமம் படித்தபோது, தகுதியற்றவை கழிந்து தகுதியுள்ளவை தங்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். அப்படியென்றால், ஒரு மாத்திரைக்கே உடைந்து போகும் இரத்தம் ஏன் இன்னும் கழியவில்லை? அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய என் அப்பா நாற்பத்தைந்து வயதில் இடுப்பு வலியாலும் குடலிறக்கத்தாலும் படுத்துவிட்டார். இத்தனை லட்சம் ஆண்டுகள் செதுக்கிய பிறகும் மனித உடல் ஏன் இப்படி அரைகுறையாக இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், மோல்மீன்

தம்பிக்கு வணக்கம். பையன் பிழைத்தான் என்ற வரியைப் படித்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் அத்தையாரின் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நொதியைச் செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். அதைத் தாய் மட்டுமே தர முடியும். ஆகவே பையனுக்கு அது தாயிடமிருந்து வந்தது என்பது சரி. ஆனால் அந்தத் தாய்க்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று அவருடைய அம்மா கொடுத்தது, மற்றொன்று அவருடைய அப்பா கொடுத்தது. குறையுள்ள எக்ஸ் உங்கள் மோன் மாமியாரிடமிருந்தும் வந்திருக்கலாம், தமிழரான உங்கள் மாமனாரிடமிருந்தும் வந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் ஒருவர் தலையில் பழியைச் சுமத்துவதற்கு அறிவியலில் இடமே இல்லை. இதை உங்கள் அத்தையாரிடம் நானே வந்து சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். 'தகுதியற்றவை கழியும்' என்று நாங்கள் கற்பித்த வாக்கியம் பாதி உண்மை. முப்பது ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் எழுதியவன் என்ற முறையில் அதன் மறுபாதியையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விதைநெல்லை நினைத்துப் பாருங்கள். எந்தக் கதிரிலிருந்து விதை அதிகம் கிடைத்ததோ, அதன் வாரிசுகளே அடுத்த ஆண்டு வயலில் அதிகமாக நிற்கும். அந்தக் கதிர் பூச்சியால் துன்பப்பட்டதா, முதிர்ந்த பிறகு சாய்ந்ததா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இயற்கைத் தேர்வுக்கும் கணக்கு ஒன்றுதான்: எத்தனை பிள்ளைகள் பிழைத்துப் பெரியவர்களாகித் தாமும் பிள்ளை பெற்றார்கள்? உடல்நலம் அந்தக் கணக்குக்கு உதவும் அளவில் மட்டும் பேணப்படுகிறது. உதவாத இடத்தில் கைவிடப்படுகிறது.

இப்போது ஒரு கிராமத்தைக் கற்பனை செய்யுங்கள். மலையடிவாரம், காடு, மழை, கொசு. ஆண்டுதோறும் மலேரியாவில் குழந்தைகள் சாகிறார்கள். அங்கே ஒரு குழந்தையின் இரத்தத்தில் இந்த நொதி குறைவாக இருக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தாங்குவதற்கு அது இந்த நொதியின் வழியையே நம்பியிருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி உள்ளே புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும்போது அத்தகைய சேதம் விளைவிக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன. நொதி நிறைந்த அணு தாங்கிக்கொள்கிறது. அதற்குள் ஒட்டுண்ணியும் சுகமாகப் பெருகுகிறது. நொதி குறைந்த அணுவால் தாங்க முடிவதில்லை. அது சீக்கிரம் நலிகிறது, மண்ணீரல் அதைக் கண்டுபிடித்து அழிக்கிறது, உள்ளே இருந்த குடியிருப்பாளனும் சேர்ந்து அழிகிறான். கொசு நிறைந்த அந்தக் கிராமத்தில் பலவீனமான வீடே திருடனுக்குப் பொறியாகிவிடுகிறது.

பிரைமாகுயின் செய்வதும் அதே வகைச் சேதந்தான். உங்கள் பையனின் அணுக்கள் உடைந்ததற்கு அதுவே காரணம். இந்த மருந்து பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1950களில். சிலருக்கு அது ஏன் இரத்தத்தைச் சிதைக்கிறது என்ற புதிருக்கு இந்த நொதிக் குறைவே விடை என்று கண்டறிந்தது 1956இல். நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் 'மகிடோல்' என்னும் மரபணு மாற்றத்தைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தாய்லாந்து எல்லையை ஒட்டி வாழும் கரேன் மக்களிடம் செய்த அந்த ஆய்வு, இந்த மாற்றம் ஏறத்தாழக் கடந்த 1,500 ஆண்டுகளில் வலுவான தேர்வுக்கு உட்பட்டுப் பெருகியது என்றும், அதை உடையவர்களின் இரத்தத்தில் வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்றும் காட்டியது. மரபணுவுக்கு 1,500 ஆண்டுகள், மருந்துக்கு ஒரு மனிதனின் ஆயுள் அளவு. அந்த மரபணு பெருகிய காலத்தில் பிரைமாகுயின் என்ற பொருளே உலகில் இல்லை. இரத்தம் உடைந்ததை அந்த மரபணுவின் குற்றமாக மட்டும் பார்க்காமல், பழைய மரபணுவும் புதிய மருந்தும் யாரும் சோதிக்காமலே மோதவிடப்பட்டதன் விளைவாகப் பாருங்கள்.

இது பர்மாவுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. மலேரியா மிகுந்த நாடுகளில் இரத்தக் குறைகள் மிகுந்திருப்பதற்கு அந்த நோயே காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை ஹால்டேன் என்னும் உயிரியலாளர் 1949இல் எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவிலேயே குடியேறி, புவனேசுவரத்தில் 1964இல் காலமானவர் அவர். 1954இல் ஆலிசன் என்னும் ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில், சிவப்பணுவை அரிவாள் வடிவமாக வளைக்கும் கதிர் அரிவாள் அணு மரபணுவைக் கொண்டு அதற்குச் சான்று காட்டினார். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தைக்குக் கொடிய சோகை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. அதே மரபணுவை 1952இல் நம் தமிழ்நாட்டு நீலகிரிப் பழங்குடிகளிடமே கண்டறிந்தார்கள். பர்மியர், தாய்லாந்தினர், கம்போடியர் இரத்தத்தில் நிறையக் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாறிய ஹீமோகுளோபினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

முடோனிலிருந்து தெற்கே போனால் தான்பியூசயாட் வருகிறது. 1942–43இல் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை போடுவதற்காக மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் கூட்டங்கூட்டமாக மடிந்த பாதை அது. மலேரியா ஒரு மனிதக் கூட்டத்தை எப்படி அரிக்கும் என்பதை நம் மக்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த அரிப்புக்கு நடுவே சில குழந்தைகளைக் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் அந்தக் 'குறை' இன்றுவரை இருக்கிறது.

ஆய்வகப் பணியாளர், ரங்கூன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். சில திருத்தங்களும் உண்டு, பொறுத்தருள வேண்டும்.

கதையில் மகிடோல் வகையை மட்டும் வைத்துப் பேசினால், 'இது இந்த மண்ணின் குறை, நம் குறை இல்லை' என்று அந்த அத்தையம்மா மறுபடியும் தொடங்கிவிடுவார். இந்த நொதியைக் குறைக்கும் மரபணு மாற்றங்கள் உலகெங்கும் இருநூறுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் காணப்படுபவற்றில் மத்தியதரைக் கடல் வகை, ஒரிசா வகை, கேரளா-கல்யாண் வகை ஆகியவை முக்கியமானவை. பெயரே ஊரைச் சொல்கிறது. கலப்பே இல்லாத தமிழ்க் குடும்பத்திலும் இது வரும், வருகிறது. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைவு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

ஐயா எழுதியதில் ஓர் இடத்தில் கவனம் தேவை. பாதுகாப்பு எல்லா மலேரியாவுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அந்த 2009 ஆய்விலேயே வைவாக்ஸ் எண்ணிக்கைதான் குறைந்தது, ஃபால்சிபாரம் என்னும் மற்றொரு மலேரியா ஒட்டுண்ணி குறையவில்லை. அதோடு, பாதுகாப்பு என்றால் காய்ச்சலே வராது என்று பொருள் இல்லை. இந்தப் பையனுக்கே வந்திருக்கிறதே. ஒட்டுண்ணிப் பெருக்கம் சற்று மட்டுப்படுகிறது, அவ்வளவுதான்; ஆனால் ஆயிரம் குழந்தைகளில் சிலர் கூடுதலாகப் பிழைத்தாலே, சில நூறு தலைமுறையில் மரபணு பெருகிவிடும்.

இனிப் பையனின் தந்தைக்கு. நான் தினமும் செய்யும் சோதனையைச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பார்த்தால் விளங்கிவிடும். விரல் நுனியிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதனைத் திரவத்தில் கலந்து, சிறிது நேரம் விட்டு, வடிதாளில் ஒரு சொட்டு வைத்து உலரவிடுவோம். பிறகு இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ்த் தாளைப் பிடிப்போம். நொதி நிறைந்த இரத்தச் சொட்டு வெளிர் நீலமாக ஒளிரும். நொதி இல்லாத சொட்டு ஒளிராமல் கறுப்பு வட்டமாகவே நிற்கும். ஒரே தாளில் இரண்டும் அருகருகே இருக்கும்போது, நட்சத்திரத்துக்கு நடுவே ஒரு துளை விழுந்ததுபோலத் தெரியும். இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல் ஒரு குழந்தைக்குப் பிரைமாகுயினைக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இரத்தச் சிதைவு நடந்து முடிந்த சில வாரங்களுக்குள் சோதித்தால் முடிவு ஏமாற்றக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். முதிர்ந்த அணுக்கள் எல்லாம் உடைந்து போய், புதிதாகப் பிறந்த இளம் அணுக்களே அப்போது இரத்தத்தில் நிறைந்திருக்கும். இளம் அணுக்களில் நொதி சற்றுக் கூடுதல் என்பதால் குறை இல்லாதவன்போலத் தோன்றுவான். ஏற்றிய இரத்தமும் முடிவை மறைக்கும். ஆகவே மூன்று மாதம் கழித்து ஒருமுறை சோதித்து, முடிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைவாக்ஸ் திரும்ப வந்தால், இத்தகையவர்களுக்குப் பிரைமாகுயினைத் தினமும் கொடுக்காமல், வாரம் ஒருமுறையாக எட்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் முறை இருக்கிறது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. தாமாகச் செய்யக் கூடாது.

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை வீட்டைவிட்டு அகற்றுங்கள். அதில் உள்ள நாப்தலீனும் இந்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாச்சை உருண்டையோடு வைத்திருந்த துணியில் பச்சிளங்குழந்தையைச் சுற்றியதால் கடும் மஞ்சள்காமாலை வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை. ஃபாவா அவரை என்னும் மத்தியதரைக் கடல் நாட்டு அவரையும் ஆகாது. அதற்காக இங்கே நாம் உண்ணும் கடலை, பயறு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை.

தட்டோன் வாசகர்

பெரியவர்கள் எழுதியதைப் பயபக்தியோடு படித்தேன். ஆனாலும் ஓர் ஐயம் தீரவில்லை. எந்தக் குறையைக் காட்டினாலும், 'முன்பொரு காலத்தில் இது நன்மை செய்தது' என்று ஒரு கதையைக் கட்டிவிட முடியாதா? என் குடும்பத்தில் எல்லோருக்கும் நீரிழிவு. பஞ்சத்தில் பிழைத்தவர்களின் மரபணு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், மோல்மீன்

ரங்கூன் அன்பரின் திருத்தங்களை அப்படியே ஏற்கிறேன். ஃபால்சிபாரம் பற்றிய செய்தியை நான் விட்டது பிழைதான்.

தட்டோன் அன்பர் கேட்டிருப்பது, இந்தத் துறையில் உழைப்பவர்கள் தமக்குத் தாமே நாள்தோறும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மலேரியாக் கதையை நான் நம்புவதற்குக் காரணம் அது அழகாக இருப்பது அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சான்றுகள் அங்கே ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நிலப்படத்தில் பழைய மலேரியாப் பரப்பும் இந்தக் குறைகளின் பரப்பும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆப்பிரிக்காவில் ஒரு மாற்றம், மத்தியதரைக் கடலோரத்தில் வேறொன்று, நம் பக்கம் மகிடோல் என்று வெவ்வேறு மக்களிடம் ஒரே மரபணு தனித்தனியாக உடைந்து, தனித்தனியாகப் பெருகியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். மரபணுவின் இருபுறமும் உள்ள பகுதிகளில் வேகமான தேர்வின் தடம் தெரிகிறது. நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியை எண்ணிப் பார்த்தும் வேறுபாடு காட்டியிருக்கிறார்கள்.

நீரிழிவுக் கதையை 1962இல் நீல் என்னும் மரபியலாளர் முன்வைத்தார். பஞ்சக் காலத்துக்கு ஏற்றபடி கொழுப்பைச் சேமித்த சிக்கன மரபணுக்கள், உணவு மலிந்த காலத்தில் நோயாகின்றன என்பது அவர் கருத்து. கேட்டவுடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் கருத்துத்தான். ஆனால் நீரிழிவோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளைப் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கில் கண்டறிந்தபோது, அவை பொதுவாகப் பஞ்சத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. உங்கள் குடும்பத்து நீரிழிவுக்கு உணவும் உழைப்பும் மாறிய வேகமே நான் கையில் பிடித்துச் சொல்லக்கூடிய காரணம். பஞ்சக் கதையை நான் சொல்ல மாட்டேன்.

எந்த நன்மையும் தராமல் தங்கிய குறைகளும் உண்டு. நாயும் ஆடும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு முடியாது, அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடம் சிதைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பழம் தின்று வாழ்ந்த குரங்கின மூதாதை ஒன்றிடம் அது கெட்டுப்போயிருக்க வேண்டும். உணவிலேயே வைட்டமின் நிறைந்திருந்ததால், அந்த மரபணு கெட்டும் யாரும் சாகவில்லை. சாகாததால் கழியவும் இல்லை. பல கோடி ஆண்டு கழித்து, மாதக்கணக்கில் உலர்ந்த ரொட்டியும் உப்பிறைச்சியும் தின்று கப்பலில் போன மாலுமிகளின் ஈறு அழுகி இரத்தம் கசிந்தபோதுதான் அந்தப் பழைய சிதைவுக்கு விலை கொடுக்க நேர்ந்தது.

நாம் மாறும் வேகத்தையும் நோய்க்கிருமி மாறும் வேகத்தையும் ஒப்பிட்டும் பாருங்கள். நமக்கு ஒரு தலைமுறை இருபத்தைந்து ஆண்டு என்றால், நம் இரத்தத்தில் ஃபால்சிபாரமும் வைவாக்சும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பெருகுகின்றன. ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தைத் தாங்கும் ஃபால்சிபாரம் மேற்குக் கம்போடியாவில் முதலில் அறியப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள் பர்மாவிலும் காணப்பட்டது. நம் உடல் முடித்து வைத்த படைப்பாக என்றைக்கும் இருக்க முடியாமைக்கு இந்த ஓட்டப்பந்தயமும் ஒரு காரணம்.

ஓய்வுபெற்ற செவிலியர், பெகு

தம்பி, உங்கள் அப்பாவின் குடலிறக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அறுவை வார்டில் முப்பது ஆண்டு வேலை செய்தவள் நான். உங்கள் அப்பாவைப் போன்ற மூட்டைக்காரர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு மூட்டை அரிசி ஏறக்குறைய 49 கிலோ. அதை முதுகில் வாங்கும் நொடியில் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவார்கள். அந்த அழுத்தம் முழுவதும் கீழே இறங்கித் தொடை இடுக்கில் வந்து முட்டும். மருத்துவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருமச் சொல்வார். இருமும்போது ஒரு சின்னப் பந்து வந்து விரலைத் தட்டிவிட்டுப் போகும். அதுதான் குடல்.

அந்த இடம் ஏன் அவ்வளவு பலவீனம் என்று ஒரு பெரிய அறுவை மருத்துவர் எங்களுக்கு வகுப்பெடுத்தபோது சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சுறாமீனுக்கு விந்தகங்கள் உடலின் மேற்பகுதியில், ஈரல் அருகே இருக்கின்றன. தாய் வயிற்றில் வளரும் மனிதக் கருவிலும் அவை மேலேதான், சிறுநீரகத்தின் பக்கத்தில் தோன்றுகின்றன. ஆனால் நமக்கு வெப்ப இரத்தம். விந்தணு நன்றாக உருவாக உடம்பைவிடச் சில பாகை குளிர்ச்சி வேண்டும். அதனால் அவை கீழே இறங்கி, ஏழாம் மாதவாக்கில் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே விதைப்பைக்கு வருகின்றன. வந்த வழியில் ஒரு கால்வாய் விழுந்துவிடுகிறது. விந்துக் குழாயும் நேராகப் போகாமல் மேலேறி, சிறுநீர்க்குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் இப்படிக் குழாய் போட மாட்டான். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே அறைக்கு அறை மாற்றிக் கட்டியவன்தான் போடுவான். பரிணாமத்துக்கு வீட்டை இடித்துக் கட்டும் வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை; ஒவ்வொரு தலைமுறையும் அதற்குள் குடியிருந்தாக வேண்டுமே!

அந்தக் கால்வாய் நாலுகால் பிராணிக்கும் உண்டு. ஆனால் அதற்குக் குடலின் பாரம் வயிற்றுத் தசையின்மேல் பரவித் தொங்குகிறது. நாம் நிமிர்ந்து நிற்பதால் பாரம் நேரே இடுக்கில் விழுகிறது. ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த இறக்கம் வருகிறது. பெண்களுக்கு மிகக் குறைவு.

இடுப்பு வலிக்கும் நிமிர்ந்த நடையே மூலம். தான்சானியாவில் லேடோலி என்னும் இடத்தில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். நம்மைப் போலவே இரண்டு காலில் நடந்தவர்களின் தடம். மரத்தில் தொங்கவும் நாலு காலில் போகவும் உதவிய முதுகெலும்பை நிமிர்த்தி, உடல் எடை கால்களுக்கு மேலே நிற்கும்படி இடுப்பில் உள்நோக்கி வளைத்தார்கள். அந்த வளைவின் அடியில் உள்ள கடைசி இரண்டு வட்டுகளே அதிகப் பாரத்தைத் தாங்குகின்றன. பெரும்பாலும் பிதுங்குபவையும் அவையே. நடப்பதற்கும் ஓடுவதற்கும் அந்த முதுகு நன்றாகவே போதும். நாளெல்லாம் 49 கிலோ மூட்டையைச் சுமந்து படகுக்கும் கிடங்குக்கும் பலகைமேல் ஏறி இறங்குவதற்கு அது போதாது. உங்கள் அப்பாவின் முதுகில் பரிணாமம் விட்ட குறை கொஞ்சம். மூட்டையின் எடையையும் கூலியையும் முடிவு செய்தவர்கள் வைத்த குறை அதைவிட அதிகம் என்பதே நான் வார்டில் கண்டது.

முடோன் தந்தை

அனைவருக்கும் என் நன்றி. பதில்களை எல்லாம் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். விந்தகம் இறங்கிய கதையை மட்டும் அத்தை இருந்ததால் விட்டுவிட்டு, அப்பாவுக்குத் தனியே படித்துச் சொன்னேன். செவிலியர் அம்மா எழுதிய கடைசி வரியை அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ரங்கூன் அன்பர் சொன்னபடி மூன்று மாதம் காத்திருந்து, சென்ற வாரம் மோல்மீனில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எல்லோரையும் சோதித்தோம். பையனுக்குக் குறை உறுதியாயிற்று. மாமியாருக்கு நொதி முழு அளவில் இருக்கிறது. மாமனார் காலமாகிவிட்டதால் அவரைச் சோதிக்க வழியில்லை. ஆனால் அவருடைய உடன்பிறந்த தம்பி தட்டோனிலிருந்து தாமாகவே வந்து விரலை நீட்டினார். அவருக்குக் குறை இருக்கிறது. எழுபத்தொரு வயதுவரை அவருக்கே அது தெரியாது. அவர் அத்தையிடம் ஒன்றும் வாதாடவில்லை. "சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒருமுறை இப்படித்தான் மூத்திரம் கறுத்துப்போனது, பேய் பிடித்தது என்று மந்திரித்தார்கள்" என்று மட்டும் சொன்னார். அத்தை எழுந்து உள்ளே போய், என் மனைவிக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

இனி ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. என் ஒன்பது வயது மகளுக்கு அந்தத் தாளில் சொட்டு ஒளிர்ந்தது. ஆனால் தம்பி முறையுள்ள பக்கத்து வீட்டுப் பையனுடைய சொட்டு ஒளிர்ந்த அளவுக்கு இல்லை. இதற்கு என்ன பொருள்?

ஆய்வகப் பணியாளர், ரங்கூன்

பெண்பிள்ளைக்கு எக்ஸ் இரண்டு என்றாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் செயல்படும். எது செயல்படுவது என்பது கருவிலேயே செல்லுக்குச் செல் தற்செயலாக முடிவாகிறது. ஆகவே உங்கள் மகள் தாயிடமிருந்து அந்த மரபணுவைப் பெற்றிருந்தால், அவள் இரத்தத்தில் நொதியுள்ள அணுக்களும் இல்லாத அணுக்களும் கலந்து ஓடும். அத்தகைய பெண்களைத் தாள் சோதனை பல நேரங்களில் குறை இல்லாதவர் என்றே காட்டிவிடும். நொதியின் அளவை எண்ணில் தரும் சோதனை வேறு உண்டு. அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கும் அதையே செய்யுங்கள். எண் கைக்கு வந்ததும் அட்டையில் எழுதி, பையனின் அட்டையோடு சேர்த்து, மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.